திடலின் சாவி வைத்திருப்பவருக்கு

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊர்த் திடலுக்குக் கம்பி வேலி வந்ததும், கதவில் பூட்டு தொங்குவதும் தாங்கள் அறிந்ததே. கைப்பந்துப் பயிற்சி தொடங்கியதில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். தேர்வான பிள்ளைகள் புதுக் காலணியோடு வரிசையாக ஓடுவதைப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. தேர்வாகாத பிள்ளைகள் எங்கே ஓடுவது? மாலை ஐந்து மணி முதல் இருட்டும்வரை பூட்டைத் திறந்துவிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை கிட்டிப்புள் ஆட்டத்தில் என் மகன் அடித்த புள்ளைக் கச்சான் காற்று தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு உள்ளே போட்டுவிட்டது. அவனுடைய தாத்தா வேப்பங்கிளையில் சீவிக் கொடுத்த புள் அது. காவலாளி எடுத்துத் தரவில்லை. பெரியவர்களை அழைத்து வரச் சொன்னாராம். நான் வேலை முடிந்து வந்தபோதும் பையன் கம்பியில் விரல்களை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான். விரல்களில் துருக்கறை. (உப்புக்காற்றில் ஒரு வருடத்துக்குள் வேலி துருப்பிடித்துவிட்டது. பராமரிப்பு அப்படி.) இப்போது பிள்ளைகள் ஆடுவது கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில். ஒரு பக்கம் மீன் லாரி, மறுபக்கம் சீமைக்கருவேல முள்.

பயிற்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே விசில் ஊதினால் ஆட்டம் தொடங்கும், ஊதினால் முடியும். எங்கள் பிள்ளைகளோ அவுட்டா இல்லையா என்று தொண்டை கிழியக் கத்தி, தாங்களே தீர்ப்புச் சொல்லி, திரும்ப ஆடுவார்கள். ஆள் குறைந்தால் விதியை மாற்றிக்கொள்வார்கள். என் சின்ன மகளுக்கு ஐந்து வயது. அவளையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். எத்தனை முறை அவுட்டானாலும் அவளுக்கு ஆட்டம் உண்டு. தங்கள் தேர்வுப் பட்டியலில் ஒப்புக்குச் சப்பாணிக்கு இடம் இருக்கிறதா? இன்று தங்கள் அணியில் ஆடும் பிள்ளைகளும் ஒரு காலத்தில் அதே மண்ணில் சப்பாணியாக நின்றவர்கள்தான்.

விளையாட்டு குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. அதில் ‘தேர்வானவர்களுக்கு மட்டும்’ என்ற வரி கிடையாது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். மீன் பெருகட்டும் என்று நாங்களும் பொறுத்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு வருடம் முழுவதும் தடைக்காலம் போட்டால் எது பெருகும்? நாளைக்குக் கடலுக்கும் வேலி போட்டு, அலைக்கு அடையாள அட்டை கொடுத்தாலும் ஆச்சரியப்பட மாட்டோம்.

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. மாலை ஐந்து மணிக்குப் பூட்டைத் திறந்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். புள் இன்னும் தென்மேற்கு மூலையில், வலைக்கம்பத்துக்குப் பின்னால்தான் கிடக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரிகிறது.

இப்படிக்கு,
திடலுக்கு எதிர்வீட்டுத் தகப்பன்