பூக்கட்டும் வகுப்பும் ஒரு வெள்ளாட்டுக் கிடாயும்

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "பூ கட்டச் சொல்லிக் கொடுக்கவா அங்கே ஹைஸ்கூல் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் சின்னவளிடம் கேட்டதும் இதேதான். இன்னும் கொஞ்சம் கோபமாகக் கேட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே டெக்சாஸில் பெரும்பாலான பிள்ளைகள் 26 கிரெடிட் (பாடத்தை முடித்தால் கிடைக்கும் புள்ளி) சேர்த்துப் பள்ளியை முடிக்கிறார்கள். கணக்கு, அறிவியல், ஆங்கிலம், சமூகவியல் இதெல்லாம் கட்டாயம். நுண்கலையில் ஒரு கிரெடிட்டும் கட்டாயம். மிச்சம் அவரவர் விருப்பப் பாடம். சின்னவளுக்குப் படம் வரையவும் வராது, வயலினும் வராது. மலர் அலங்காரப் பாடத்தை எடுத்தால் அது நுண்கலைக் கணக்கில் சேரும் என்று எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்தாள். சுலபமாகத் தப்பிக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள், பாவம்.

முதல் மாதமே கை முழுக்கக் கீறல். கோட்-சூட்டில் குத்தும் ஒற்றைப்பூவுக்குக் காம்பை வெட்டிவிட்டுக் கம்பி ஏற்றி, அதன்மேல் மெழுகு தடவிய டேப்பைச் சுற்ற வேண்டும். அந்த டேப் சும்மா சுற்றினால் ஒட்டாது, இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும். பூ செருகும் பச்சை ஸ்பாஞ்சைத் தண்ணீரில் அமுக்கவே கூடாதாம். அமுக்கினால் வெளியே ஈரம், நடுவில் காய்ந்த காற்று. மிதக்கவிட்டால் அதுவாகவே குடித்துவிட்டு மூழ்கும். இதைத் தெரியாமல் ஒரு மேஜை அலங்காரம் ஒரே ராத்திரியில் தொங்கிப் போனது. அதற்குப் போட்ட மார்க்கைச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு நாள் கார்னேஷன் பூக்களை வீட்டுக்குக் கொண்டு வந்து சமையலறையில் வைத்தாள். நான் பக்கத்திலேயே ஒரு தட்டு ஆப்பிளை வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் இதழெல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு, பூ தூங்குவது போல் இருக்கிறது. "அம்மா, எத்திலீன்!" என்று கத்தினாள். நானும் நீயும் எத்திலீனுக்கு எவ்வளவு எழுதியிருப்போம்! பழம் பழுக்கும்போது வெளிவரும் வாயு, முதுமையைத் தூண்டும் ஹார்மோன் என்று பத்து மார்க் கேள்விக்கு நான்கு பக்கம். அந்த வாயு என் மேஜையில் ஒரு பூவைக் கிழவியாக்கியதை நாற்பத்தெட்டு வயதில்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

அன்றைக்கு எனக்குள் ஏதோ உறுத்தியது, விஜி. தாவரவியலில் கல்லூரியிலேயே முதல் மார்க் வாங்கினவள் நான். இருவிதையிலைத் தண்டின் குறுக்குவெட்டைக் கலர் பென்சிலில் நான் வரைந்தால் எல்லாரும் ரெக்கார்டு நோட்டைக் கடன் வாங்குவீர்கள். ஆனால் ஒரு ரோஜாச் செடியை ஒரு வருடம் உயிரோடு வைத்திருந்ததில்லை. நமக்கு யாரும் அதைப் பரீட்சையில் கேட்கவும் இல்லை.

அடுத்த வருடம் கால்நடை அறிவியல். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பது உனக்கே தெரியும். அசைபோடும் மிருகத்துக்கு வயிற்றில் நான்கு அறை, கோழிமுட்டை பொரிய 21 நாள், பன்றிக்குச் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். அதை விடு. இந்தப் பாடத்தோடு ஒட்டி ஒரு மாணவர் சங்கம் இருக்கிறது. எஃப்.எஃப்.ஏ. என்பார்கள். 1928-ல் 'அமெரிக்காவின் வருங்கால உழவர்கள்' என்ற பெயரில் தொடங்கியது. நீலநிறக் கார்டுராய் ஜாக்கெட்தான் அடையாளம். பெண்பிள்ளைகளை நாடு முழுக்க உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு 1969 வரை ஆகியிருக்கிறது! இப்போது எங்கள் ஊர்க் கூட்டத்தில் பார்த்தால் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்தான்.

பாடம் எடுக்கும் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே சொந்தமாக ஒரு வேலையை எடுத்துச் செய்து, வரவு செலவு எழுதிக் காட்ட வேண்டும். சிலர் நர்சரியில் வேலைக்குப் போகிறார்கள், சிலர் முயல் வளர்க்கிறார்கள். நம்மவள் ஆடு என்றாள். போயர் இனக் கிடாய், விதையடித்தது. பள்ளிக்குச் சொந்தமான கொட்டிலில் இடம் கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போக வேண்டும். வண்டி ஓட்டியது யார் என்று நினைக்கிறாய்?

எட்டு மாதம் அந்தக் கொட்டிலில் நின்று நான் படித்தது நிறைய. விதையடித்த கிடாய்க்கு மூத்திரப் பாதை குறுகலாக இருக்கும். தானியத்தை அதிகம் போட்டால் பாஸ்பரஸ் ஏறிக் கல் உண்டாகி அடைத்துக்கொள்ளும், சில நாளில் செத்தே போகலாம். அதனால் தீவனத்தில் பாஸ்பரஸைப் போல இரண்டு பங்கு கால்சியம் இருக்கிறதா என்று மூட்டையின் சீட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கினாள். வாரம் ஒருமுறை கீழ் இமையை இழுத்து உள்நிறம் பார்ப்பாள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு. அதற்கென்று ஐந்து நிறம் போட்ட ஓர் அட்டை இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கண்ணையும் இழுத்துப் பார்த்துவிட்டு "உனக்கு இரும்புச்சத்து கம்மி" என்றாள். டாக்டரிடம் போனேன். கம்மிதான்.

இப்போது நீ கேட்கப் போவது எனக்குத் தெரியும். ஆமாம், பிள்ளைகள் வளர்த்த கால்நடைகளைக் காட்டும் கண்காட்சி முடிந்ததும் ஏலம். ஏலம் முடிந்ததும் ஆடு கறிக்குப் போகும். முதல் நாளே ஆசிரியர் அதைப் பெற்றோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார், மறைக்கவில்லை. பெயர் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். இவள் மூன்றாம் நாளே பெயர் வைத்துவிட்டாள். (என்ன பெயர் என்று உன்னிடம் சொல்ல முடியாது. உன் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்.)

ஏல நாளன்று ஆட்டைக் காட்டும் வளையத்துக்குள் நிமிர்ந்து நின்று, கிடாயின் நெஞ்சைத் தன் முழங்காலில் தாங்கிக் காட்டினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. வெளியே வந்து லாரியில் ஏற்றும் வரை கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். காரில் ஏறியதும் அழுதாள் பார், வீடு வரும் வரை. நானும் அழுதேன். இவர் மட்டும் "இதெல்லாம் ஒரு படிப்பா, பிஞ்சு மனதுக்கு?" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். அந்த ஒரு வாரமும் வீட்டில் மட்டன் குழம்பு கேட்கவில்லை, அதையும் கவனித்தேன்.

எனக்கு இன்னும் இதில் தீர்மானமான பதில் இல்லை. பதினைந்து வயதில் இவ்வளவு வேண்டுமா என்று ஒரு நாள் தோன்றும். தட்டில் வருவது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே வளர்ந்த நம்மைவிட அவள் நேர்மையானவள் என்று மறுநாள் தோன்றும். அவளோ அழுது முடித்த மூன்றாம் நாள் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தீவனம், மருந்து, மரத்தூள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாள். லாபம் கொஞ்சம் நின்றது. என் பெட்ரோலை அதில் எழுதவே இல்லை.

இந்த வருடம் தோட்டக்கலை. சரி, இனிமேல் நிம்மதி என்று நினைத்தேன். முதல் தட்டு நாற்று முழுவதும் அழுகிப் போனது. அன்பு மிகுதியில் தண்ணீர் அதிகம் ஊற்றியிருக்கிறாள், தரைமட்டத்தில் தண்டு கறுத்து எல்லாம் சாய்ந்துவிட்டது. ஆட்டுக்கு அழாதவள் போல உட்கார்ந்து மறுபடி விதைத்தாள்.

இப்போது பள்ளிக் கண்ணாடிக் குடிலில் பாய்ன்செட்டியா வளர்க்கிறார்கள், கிறிஸ்துமஸுக்கு வாங்குவார்களே அந்தச் சிவப்புச் செடி, டிசம்பரில் விற்க. உனக்கு நினைவிருக்கிறதா, யூஃபோர்பியேசி குடும்பம், ஒற்றைப் பூ போலத் தெரியும் பூங்கொத்து, சயாத்தியம் மஞ்சரி? சிவப்பாகத் தெரிவது இதழ் இல்லை, பூவடிச்செதில், அதாவது பூவுக்கு அடியில் இருக்கும் இலை என்று நீதான் எனக்கு வைவாவுக்கு முன்னால் காதில் சொன்னாய். நான் படத்தில் மட்டும் பார்த்த செடி. போன வருடத்துச் செடி ஒன்றை ஆசிரியர் தூக்கிப் போட இருந்தாராம், அதைச் சின்னவள் வீட்டுக்குக் கொண்டு வந்து என் பொறுப்பில் விட்டிருக்கிறாள். அது மறுபடி சிவக்க வேண்டுமானால் அக்டோபர் தொடங்கி எட்டுப் பத்து வாரம், தினமும் பதினான்கு மணி நேரமாவது இருட்டு வேண்டும். நடுவில் யாராவது விளக்கைப் போட்டால்கூடக் கெட்டுவிடும். அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்குத் துணி அலமாரிக்குள் வைத்து, காலை எட்டு மணிக்கு வெளியே எடுக்கிறேன். நேற்று இவர் சட்டை எடுக்கக் கதவைத் திறந்துவிட்டார். வீட்டில் பெரிய சண்டை.

உன் பெரியவன் எந்த குரூப் எடுத்தான், எழுது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மணி ஐந்தாகப் போகிறது. செடியை உள்ளே வைக்க வேண்டும்.

உன் பழைய பெஞ்ச்காரி