படுக்கையறைகளை வெட்டாதீர்கள்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

குறைந்த வாடகைக் குடும்பக் குடியிருப்புத் திட்டத்தைப் போன கூட்டத்திலும் ஒத்திவைத்துவிட்டீர்கள். திட்டத்தின் விவரங்களை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரைபடம், போக்குவரத்து அறிக்கை, மண் ஆய்வு எல்லாம் உங்கள் மேசைக்கு எப்போதோ வந்துவிட்டன. நான் எழுதுவது, ஒத்திவைப்பதற்குச் சற்று முன் உங்களில் ஒருவர் சொன்ன திருத்தத்தைப் பற்றி. மூன்று படுக்கையறை வீடுகளை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடுகளைக் கட்டினால் பள்ளிகளுக்குச் சுமை குறையும் என்றார் அவர். வேறு சிலரும் தலையாட்டினார்கள். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுமை என்று அவர் சொன்னது என் பிள்ளைகளை.

என் கோரிக்கை இதுதான். மூன்று படுக்கையறை வீடுகளில் ஒன்றைக்கூட வெட்டாமல், இந்தத் திட்டத்தை அடுத்த கூட்டத்திலேயே வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

நாங்கள் நாலு பேர் ஒரு படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். என் மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. பகலில் தூங்கினால்தான் அன்று இரவு மறுபடி வேலைக்குப் போக முடியும். பள்ளி விட்டுப் பிள்ளை வருகிற நேரம், அவள் அசந்து தூங்குகிற நேரம். அதனால் மூத்தவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். வெளிச்சமும் சத்தமும் அம்மாவை எழுப்பாத இடம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். யாருக்காவது அவசரம் என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நிற்பாள். அப்புறம் மறுபடி உள்ளே போய் உட்காருவாள். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் குரலே எழும்புவதில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். எப்படி எழும்பும்? வீட்டில் அவள் குரலைத் திறந்து பேசுகிற நேரமே கிடையாது. சின்னவன் அவளைப் பார்த்துப் பழகிவிட்டான். அழுகை வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுகிறான். அப்படிச் செய் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பெரிய வீடு பார்த்துப் போவதுதானே என்று கேட்கலாம். பார்த்தோம். குடும்பத்தின் வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை அடங்க வேண்டும் என்பது பல நாடுகளில் வீட்டுவசதித் துறைகள் வைத்திருக்கும் அளவுகோல். நாங்கள் பார்த்த மூன்று படுக்கையறை வீடுகளின் வாடகை எங்கள் வருமானத்தில் பாதியைத் தாண்டியது. இரண்டு படுக்கையறையும் கட்டுப்படியாகவில்லை. இதற்கிடையே, ஒரு படுக்கையறையில் நாலு பேர் இருப்பது ஒப்பந்தத்துக்கு மாறானது, அடுத்த முறை புதுப்பிக்க மாட்டேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சின்ன வீட்டில் இருக்க விடமாட்டார்கள், பெரிய வீட்டுக்குப் போகவும் முடியாது.

இப்போது உங்கள் திருத்தத்துக்கு வருகிறேன். புதிதாகக் கட்டும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளுக்கும் இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருக்கும். அப்படியானால் திருத்தத்தின்படி கட்டிய வீட்டில் எங்களைப் போன்ற ஒரு குடும்பம்கூடக் குடியேற முடியாது. பலகையில் குடும்பக் குடியிருப்பு என்று எழுதியிருக்கும், உள்ளே குடும்பம் இருக்காது. இந்த விளைவைத் தெரிந்தே யாரும் திருத்தத்தைக் கொண்டுவரவில்லை என்று நம்பத்தான் விரும்புகிறேன்.

ஏனென்றால், தெரிந்தே செய்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுன்ட் லாரல் என்ற ஊர். அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்த கறுப்பினக் குடும்பங்கள் 1970-ல் 36 குறைந்த வாடகை வீடுகள் கட்ட அனுமதி கேட்டன. ஊராட்சி மறுத்தது. எதெல் லாரன்ஸ் என்ற பாலர் பள்ளி ஆசிரியையும் மற்றவர்களும் நீதிமன்றம் போனார்கள். கட்டுமான நிறுவனங்களோடு ஊராட்சி போட்டு, வழக்கில் வெளிவந்த ஒப்பந்தங்களைப் படித்தால் மனம் கசக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் ஒரு படுக்கையறைதான் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை வீட்டுக்குச் சராசரியாக 0.3-ஐத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கட்டுமான நிறுவனமே ஏற்க வேண்டும். பிள்ளைகள் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. படுக்கையறைக் கணக்கில் சொன்னார்கள். வரிச்சுமைக்குப் பயந்து இப்படிக் குடும்பங்களை வெளியே நிறுத்தக் கூடாது, எளிய வருமானம் உள்ளவர்களுக்கும் வீடு கிடைக்க உண்மையான வாய்ப்பைத் தர வேண்டும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1975-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் இழுத்தடித்தார்கள். 1983-ல் இன்னொரு தீர்ப்பு வர வேண்டியிருந்தது. எதெல் லாரன்ஸ் 1994-ல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பில் முதல் குடும்பங்கள் 2000-ல்தான் குடியேறின.

அப்புறம் என்ன ஆனது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் அவருடைய குழுவினரும் அந்தக் குடியிருப்பையும் சுற்றுப்புறத்தையும் ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். குடியிருப்பால் சுற்றுப்புறத்தில் குற்றம் கூடவில்லை, வீட்டு மதிப்பு சரியவில்லை, வரி ஏறவில்லை. அங்கே குடிவந்த குடும்பங்களில் பிள்ளைகள் படிக்கச் செலவிடும் நேரம் கூடியிருந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து எழுதும் பிள்ளையின் அப்பாவுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குற்றம், வீட்டு மதிப்பு, வரி: உங்கள் கூட்டத்தில் எதிர்ப்பாளர்கள் சொன்ன மூன்று அச்சங்களும் இவைதான். மூன்றுக்கும் பதில் அச்சில் இருக்கிறது.

பள்ளிச் சுமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீடுகளுக்குக் காத்திருப்பவர்களில் எங்களைப் போல இந்த நகரத்திலேயே வாழ்கிறவர்கள் இருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் உங்கள் பள்ளிகளில்தான் ஏற்கெனவே படிக்கிறார்கள். வீடு கிடைத்தால் பள்ளியில் அவர்களுக்காகப் புதிதாக ஒரு நாற்காலிகூடப் போட வேண்டாம். கிடைக்காவிட்டால்தான் ஆண்டு நடுவில் பெயரை வெட்டி வேறு ஊர்ப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டிவரும்.

மூன்று படுக்கையறை வீடுகளைத் தனியார் சந்தையே கட்டிக்கொள்ளும் என்று இன்னொரு உறுப்பினர் சொன்னார். கட்டாது. ஒரே பரப்பளவில் பெரிய வீடு ஒன்றைவிடச் சின்ன வீடுகள் இரண்டு அதிக வாடகை தரும் என்பது கட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் லாபத்துக்காகக் கட்டப்படும் அடுக்குமாடிகளில் பெரிய வீடுகள்தான் முதலில் குறையும். அதே காரணத்தால்தான் குடும்ப அளவு வீடுகளுக்குப் பொதுப்பணம் தேவைப்படுகிறது. வியன்னா நகராட்சி 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பில் பாலர் பள்ளியும் சலவைக்கூடமும் நூலகமும் சேர்த்தே கட்டினார்கள். சிங்கப்பூரின் வீட்டுவசதி வாரியம் 2013-ல், தாத்தா பாட்டியோடு மூன்று தலைமுறை சேர்ந்து வாழ நான்கு படுக்கையறை வீடுகளை அறிமுகப்படுத்தியது. அங்கெல்லாம் குழந்தைகளும் முதியவர்களும் இருப்பார்கள் என்று எண்ணி வரைபடம் போட்டார்கள். இங்கே வரைபடத்தில் இருக்கிற அறையை அழிக்கப் பார்க்கிறோம்.

ஒத்திவைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு இருப்பதுபோல் தெரிகிறது. குறைந்த வாடகைத் திட்டம் பல இடங்களிலிருந்து சேர்த்த பணத்தில் நிற்பது. நில உரிமையாளர் கொடுத்த கெடு முடிகிறது. ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளி காலாவதியாகிறது. மானியத்துக்கு விண்ணப்பிக்கும் சுற்று ஒன்று தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் வட்டி மாறிவிடலாம். இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று போனால், மன்றத்தில் ஒருவர்கூட வேண்டாம் என்று வாக்களிக்காமலே திட்டம் செத்துப்போகும். பொறுப்பும் யார் மீதும் விழாது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எதிர்க்கிறீர்கள் என்றால் கையை உயர்த்தி எதிர்த்து வாக்களியுங்கள். உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும்.

பொதுக் கருத்துக் கேட்பிலும் நியாயம் குறைவு. வேலை நாளில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நேரத்தில் கூட்டம் வைத்தால் எங்களில் யார் வர முடியும்? போன கூட்டத்தில் பேசியவர்களில் அநேகமாக எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். இது இங்கே மட்டும் நடப்பதல்ல. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இத்தகைய கூட்டங்களின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்தார்கள். அங்கே பேசியவர்கள் மற்ற வாக்காளர்களைவிட வயதில் மூத்தவர்களாகவும், நீண்ட காலம் அதே ஊரில் வாழ்பவர்களாகவும், சொந்த வீடு உள்ளவர்களாகவும் இருந்தார்கள். பெரும்பான்மையோர் புதிய வீடுகளை எதிர்த்தார்கள். வருகிறவர்கள் பேசட்டும், அது அவர்கள் உரிமை. வர முடியாதவர்களுக்குக் கருத்தே இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மனைவி அன்று வரவில்லை. உங்களில் யாருக்காவது இரவில் உடம்பு முடியாமல் போனால் பார்த்துக்கொள்ள அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

கோபத்தில் சில வரிகள் கடுமையாக வந்திருக்கலாம். உங்கள் பணி எளிதல்ல என்று அறிவேன். பக்கத்துத் தெருக்காரர்களின் கவலையைக் கேட்டு வடிகால், நடைபாதை, வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றில் நிபந்தனை போடுங்கள். அது உங்கள் கடமை. படுக்கையறையில் கை வைக்காதீர்கள்.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தைத் திரும்பப் பெறுங்கள். மூன்று படுக்கையறை வீடுகள் இப்போதுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும்படி, திட்டத்தை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து வெளிப்படையான வாக்கெடுப்பு நடத்துங்கள். நேரில் வர முடியாதவர்கள் எழுதி அனுப்பும் கருத்துகளை மன்றத்தில் வாசிக்க அனுமதியுங்கள். என் மனைவியின் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
இந்நகரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர்