காரைக்குடிக்கு டூட்டிக்கு வந்திருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

நாகர்கோவிலில் நர்ஸிங் படித்துவிட்டு இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்ததிலிருந்து நோயாளிகளைப் பற்றி நீ சொல்வது ஒன்றுதான்: "எல்லாரும் நல்லா மரியாதையாப் பேசுறாங்க அக்கா, ஆனா என்ன செய்யுதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க." போனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன். வெளியூரிலிருந்து வரும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

செட்டிநாட்டுப் பக்கம் முதல் பதில் மரியாதைக்கு, இரண்டாவது பதில்தான் உனக்கு. பசியோடு வந்தாலும் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிப் பழகிய ஆச்சி, ஆபரேஷன் முடிந்த மறுநாள் "வலிக்குதா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர், நீங்க சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பார். அதை நம்பி சார்ட்டில் 'வலி இல்லை' என்று எழுதிவிடாதே. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீட்டில் துணைக்கு ஒரு ஆளோடு மட்டும் இருப்பவர்கள், பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ, வீடியோ காலில் "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லிச் சொல்லியே அந்த முகம் படிந்துபோனவர்கள். உன்னைக் கூப்பிட பெல்லை அழுத்தவே யோசிப்பார்கள்.

"0-லேர்ந்து 10 வரைக்கும் எவ்வளவு வலி?" என்று கேட்டால், ஏதோ மார்க் போடச் சொல்கிறாய் என்று நினைத்து பெருந்தன்மையாக ஒரு எண்ணைச் சொல்வார்கள். கேட்கத்தான் வேண்டும், கேள். ஆனால் கூடவே "குத்துதா, குடையுதா, எரியுதா, கடுக்குதா?" என்றும் கேட்டுப் பார், பேச்சு தானாக வரும். புரண்டு படுக்கும்போது கை கட்டில் கம்பியை எப்படிப் பிடிக்கிறது, மூச்சை அடக்குகிறாரா என்று கவனி. மறதி நோய் உள்ளவர்களுக்கு பெய்னாட் என்று ஒரு அளவுகோல் இருக்கிறதே, மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடுவது, நன்றாகப் பேசுகிற ஆச்சிக்கும் மனசுக்குள் அதை ஒருமுறை போட்டுப் பார், தப்பில்லை.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். "வாயு பிடிச்ச மாதிரி இருக்கு, ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்" என்று சர்க்கரை உள்ள ஒருவர் வியர்த்துப்போய்ச் சொன்னால் உடனே டாக்டரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடு. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே, மூச்சுத் திணறலாகவோ மேல்வயிற்று உபாதையாகவோ வரலாம்.

அப்புறம் கை. முடிந்தவரை ஊசியை இடது கையில் போடு, வலது கை சாப்பிட வேண்டும். மாத்திரையை நீ வலது கையால் கொடு. "பாட்டி, கையை நீட்டு" வேண்டவே வேண்டாம், சின்னப் பிள்ளைகளையே வாங்க போங்க என்று கூப்பிடும் வீடுகள் இங்கே உண்டு. அதற்காகப் பார்க்கிறவர்களையெல்லாம் ஆச்சி என்றும் கூப்பிடாதே, எப்படிக் கூப்பிடுவது என்று கூட இருப்பவரிடம் கேட்டுக்கொள்.

ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும்போது தாலி. எடுத்த எடுப்பில் கழற்றச் சொன்னால் அந்தம்மாவுக்கு பி.பி. ஏறிவிடும். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறை முதலில் போட்டுக்கொள்ளட்டும், தங்கம் பிறகு கழுத்தைவிட்டு இறங்கட்டும். அந்த வரிசை முக்கியம்.

மேடலின் லைனிங்கர் பெயர் பாடத்தில் வந்திருக்குமே, நர்ஸாக இருந்து மானிடவியலும் படித்து, பாப்புவா நியூ கினியில் மக்களோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்கப் பெண்மணி. நோயாளியின் பழக்கத்தைக் காப்பாற்று, அல்லது பேசி ஒத்துப்போ, அல்லது அவரோடு சேர்ந்து மாற்று என்று மூன்று வழி சொன்னார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பாய், வேலைக்கு ஆகும் இடம் தைப்பூசம்தான். காவடியோடு பழனிக்கு நடப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். காலில் உணர்ச்சி மரத்துப்போன சர்க்கரைக்காரரிடம் "நடக்கக் கூடாது" என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போவார், மாத்திரையை விட்டுவிட்டு வெறுங்காலோடு நடப்பார். காலில் புண் இருந்தால் டாக்டரை வைத்தே தடுத்துவிடு. இல்லையென்றால் டாக்டரைக் கேட்டு பேரம் பேசு: வெயில் ஏறிய தார் ரோட்டில் கால் வைக்கக் கூடாது, மாத்திரை வேளை தப்பக் கூடாது, ராத்திரி தங்கும் இடத்தில் கூட வருகிறவர் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். மார்கழியிலேயே "இந்த வருஷம் நடக்கறீங்களா?" என்று நீயாகக் கேட்டுவிடு, அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா