பக்கத்து வீட்டு மதில் எல்லைக்கல் அன்று: தாம்பரம் புறநகர்க் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நம் பகுதியின் காலி மனைகள் ஒவ்வொன்றாக வீடுகளாகி வருகின்றன. பூமி பூஜைக்கு நாள் பார்ப்பதில் காட்டும் அக்கறையை மனையின் நான்கு மூலைகளை உறுதி செய்வதில் பலர் காட்டுவதில்லை. மேஸ்திரி பக்கத்து வீட்டு மதிலிலிருந்து டேப்பைப் பிடித்து, மூலைமட்டம் பார்த்து, சுண்ணாம்புக் கோடு போட்டதும் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த மதில் சரியான இடத்தில் நிற்கிறதா என்று கேட்பார் இல்லை.

40 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட ஒரு கிரவுண்டு மனைகள் வரிசையாக உள்ள தெருவில், ஒவ்வொருவரும் 3 அங்குலம் மட்டுமே தள்ளிக் கட்டினாலும், 12 வீடுகள் முடியும்போது 3 அடி போயிருக்கும். கடைசி மனைக்காரர் 180 சதுர அடியை இழப்பார். அவரும் விட்டுக்கொடுக்காவிட்டால் அந்தப் பிழை சாலையிலோ பூங்காவிலோ போய் விழும். பொது இடம் குறைவது தனிமனிதர் வழக்கு அன்று என்பதால்தான் இதைச் சங்கங்களுக்கு எழுதுகிறேன்.

ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆள் தேடுவதற்குப் பதிலாக, மனைப்பிரிவு முழுவதையும் ஒரே முறையில் அளந்து மூலைகளைக் குறிக்க, உரிமம் பெற்ற நில அளவர் ஒருவரைச் சங்கமே அமர்த்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். செலவை மனையின் பரப்புக்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம். எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் புலப்படம், அதாவது அரசின் நில அளவை வரைபடம், ஒரு சர்வே எண் கொண்ட நிலம் (புலம்) முழுமைக்கும் உரியது. லே-அவுட்டின் ஒவ்வொரு மனையையும் அதில் தேட முடியாது. முதலில் அந்தப் புலத்தின் பழைய அளவுக்கற்களைக் கண்டுபிடித்து, புலத்தின் எல்லையை நிலைநிறுத்தி, அதன்மேல் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தைப் பொருத்திய பிறகே தனி மனையின் மூலை எது என்று சொல்ல இயலும். ஒற்றை மனைக்காக இவ்வளவு உழைப்பை யாரும் செய்வதில்லை. செய்ததாகச் சொல்பவரிடம் எந்தக் கற்களிலிருந்து தொடங்கினார் என்று கேட்டுப் பாருங்கள்.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. நகர நில அளவை முடிந்த இடங்களில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று பதிவேடே வேறாகிவிட, நம் பத்திரங்களில் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியிலோ பழைய கிராம சர்வே எண்ணே நிற்கிறது. பத்திரத்தின் விஸ்தீரணமும் பட்டாவின் பரப்பும் தரையின் அளவும் ஒத்துப்போகின்றனவா என்பதை அளப்பவர் எழுத்தில் தர வேண்டும். கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் மின்னணுக் கருவியான டோட்டல் ஸ்டேஷன் கொண்டு வந்தால் மட்டும் போதாது. தொடங்கிய கல் தவறானால் கருவி அந்தத் தவறைத் துல்லியமாகக் குறித்துக் கொடுக்கும். (1802-இல் ஆங்கிலேய நில அளவர் வில்லியம் லாம்டன் தம் பெரும் முக்கோண அளவையின் அடிக்கோட்டை அளந்தது பக்கத்திலுள்ள பரங்கிமலையருகே; நமக்கு ஒரு தெருவை அளக்க ஆளில்லை!) உரிம எண், அளவுகோலும் வடதிசையும் குறித்த வரைபடம், கையொப்பம், அண்டை மனைக்காரர்கள் முன்னிலையில் நட்ட கற்கள் ஆகியவை இல்லாமல் பணத்தை முழுமையாகக் கொடுக்க வேண்டாம்.

தனியார் அளவரின் வரைபடம் வீடு கட்ட உதவுமே தவிர, எல்லைத் தகராறில் அது முடிவாகாது. பக்கத்து மனைக்காரர் மறுத்தால், கட்டணம் செலுத்தி அரசு நில அளவருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் அண்டை உடைமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பி அளப்பார். அதிலும் தீராதது உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து மறுபடியும் அளக்க நேரலாம். அதற்குள் மாடி எழும்பியிருந்தால், இழப்பீடு பேசுவதைத் தவிர வேறு வழி குறைவு.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அளவு முடிந்ததும் வரைபடத்தின் ஒரு பிரதி சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். புதிதாகக் கட்டுபவர் அஸ்திவாரம் தோண்டும் முன் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பகுதி மனை உரிமையாளர் ஒருவர்