அத்தான் எந்த ஊர்க் கணக்கு?

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் சிவா,

உன் கடிதத்துக்கு அன்றே பதில் போட்டிருக்க வேண்டும், மச்சான். வெருகல் கிராமத்து அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்; அவரின் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை பேனா எடுக்க மனம் வரவில்லை.

அன்று அவருக்கு இரவு பத்து மணிக்கு நெஞ்சு நோ தொடங்கியிருக்கிறது. வாய்வு என்று இஞ்சி இடித்துக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். விடியப்புறம் வியர்த்துக் கொட்டிய பிறகுதான் அக்கா பயந்துபோய் அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு போன் எடுத்தார். நாங்கள் படித்த காலத்தில் மூதூர்ப் பக்கத்து ஆளுக்கு நெஞ்சு நோ வந்தால் நகரத்துக்குப் போக விடிந்து லாஞ்சுப் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும், ஞாபகமா? இப்போது அப்படியில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. அம்புலன்ஸ் ஓடித்தான் வந்தது. வீணாய்ப் போனது வீட்டில் கழிந்த நேரம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பன்னிரண்டு மணித்தியாலம் வரை போடலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போட்டால் கிடைக்கிற பலன் பிறகு கிடைக்காது. ஊசி போட்டும் மத்தியானம் திருகோணமலை ஆஸ்பத்திரி வார்ட்டில் உயிர் போய்விட்டது.

மரணப் பதிவுக்கு நான்தான் அலைந்தேன். அங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. உயிர் எங்கே போனதோ அந்தப் பிரிவில்தான் பதிவு. ஆயுள் முழுக்க வெருகலில் வயல் செய்த மனுஷன் சாவில் நகரத்து ஆளாகிவிட்டார்! வீட்டிலேயே கண்மூடுகிறவர்களின் கதை வேறு. கிராம சேவகரிடம் அறிவித்து, வீட்டார் சொல்கிற காரணத்தோடு பதிவாகிறது. டாக்டர் பார்க்காத எத்தனையோ சாவுகள் ‘மாரடைப்பு’ என்றோ ‘முதுமை’ என்றோ போய்விடும். இலங்கை ஆஸ்பத்திரிகளில் நடக்கும் மரணங்களில் இதயநோய்தான் பல வருஷமாக முதலிடம் என்கிறார்கள். சரி, அது ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்களின் கணக்குத்தானே? இதை வைத்து இதயநோய்ச் சாவுகளுக்கு வரைபடம் போட்டால் நகரம் சிவந்து கிடக்கும், வெருகல் வெள்ளையாக இருக்கும். செத்த இடத்தை விட்டு, வாழ்ந்த இடத்தை வைத்து எண்ணினால் எப்படி இருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

உன் மான்செஸ்டரும் சும்மா இல்லை. 75 வயதுக்குள் இதயநோயில் போகிறவர்கள் அங்கே அதிகம், லண்டனுக்குத் தெற்கே சறே பக்கம் குறைவு. ஆனால் உங்கள் நாட்டில் இருப்பிடத்தை வைத்து எண்ணுகிறார்கள், அதனால் எந்தத் தெருவில் பிழை என்று தெரிகிறது. எங்கள் சனத்துக்கு இந்த நோய் வெள்ளைக்காரரைவிட முந்தி வரும் என்பதும் உனக்குத் தெரியும். நீ பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை பழையபடி மறந்துவிடுகிறாயா?

அக்காவுக்கு ஒருமுறை போன் எடு. பகலில் எடு. இரவில் மணி அடித்தாலே அவருக்குக் கை நடுங்குகிறது.

அன்புடன்,
ரவி