எழுத்தாளரின் இணையதளம்: விலை எப்படி வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்தாளர்களுக்கு இணையதளம் அமைத்துத் தருபவர்கள் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள் என்றும், ஒருவர் 5,000 ரூபாய் கேட்ட அதே வேலைக்கு இன்னொருவர் 50,000 ரூபாய் கேட்கிறார் என்றும், ஆகவே இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சங்கம் அமைத்து ஒரே விலையை நிர்ணயிக்க வேண்டும் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். மதுரையில் பதினோரு ஆண்டுகளாகத் தனியாளாக இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் அவருடைய மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கூறும் தீர்வு சரிவராது. ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடிப் பேசி விலையை முடிவுசெய்துகொள்வதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதன் மூன்றாம் பிரிவில் தடைசெய்கிறது. அது ஒருபுறமிருக்க, ‘அதே வேலை’ என்று அவர் குறிப்பிடுவது பெரும்பாலும் அதே வேலையாக இருப்பதில்லை. எல்லோரும் ஒரே விலை சொல்ல வேண்டியதில்லை. சொல்லும் விலை எந்தக் கணக்கில் வந்தது என்பதைக் கேட்பவருக்கு எழுதிக் காட்டும் வழக்கம்தான் எங்கள் தொழிலில் இல்லாமல் இருக்கிறது.

5,000 ரூபாய்க்குக் கிடைப்பது என்ன என்று முதலில் பார்க்கலாம். வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் அமைப்பதற்கு 2003ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். அதற்குரிய டெம்ப்ளேட்டுகளும், அதாவது பக்கங்களின் ஆயத்த வடிவங்களும், ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை நிறுவி, எழுத்தாளரின் படத்தையும் நான்கு நூல் அட்டைகளையும் ஏற்றித் தருவது ஒரு நாள் வேலை. அதற்கு 5,000 ரூபாய் என்பது குறைந்த விலையும் அன்று, ஏமாற்றும் அன்று. ஒரே ஒரு கவிதைத் தொகுப்பை வெளியிட்டவருக்கு அது போதும் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பன்னிரண்டு நூல்கள் எழுதிய ஒருவர் இந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்து, தம் நூல்கள் அனைத்துக்கும் தனிப்பக்கம், ஒவ்வொன்றிலும் ஓர் அத்தியாயம், இதழ்களில் வந்த சிறுகதைகள், மதிப்புரைகள், கூட்டங்களின் படங்கள் எல்லாம் வேண்டும் என்று கேட்கும்போதுதான்.

அப்படிப்பட்ட ஒரு நாவலாசிரியரின் தளத்துக்கு என் வேலை நேரம் ஏறத்தாழ இப்படிப் பிரியும்: பேசித் தேவையை அறிந்து எழுதிக்கொள்ள 5 மணி, பக்கங்களின் தோற்றத்தை வரைந்து ஒப்புதல் வாங்க 12 மணி, அவற்றைத் தளமாகக் கட்ட 14 மணி, எழுத்துகளை ஏற்ற 16 மணி, பல அளவுள்ள கைபேசிகளில் திறந்து பார்த்துத் திருத்த 8 மணி. மொத்தம் 55 மணி நேரம்.

இதில் பதினாறு மணி நேரம் எழுத்துகளை ஏற்றுவதற்கு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ‘எல்லாம் டைப் செய்து கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, காப்பி பேஸ்ட் செய்ய வேண்டியதுதானே?’ என்பார்கள். தமிழ் எழுத்தாளர்களின் கோப்புகளைக் கையாண்டவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது 2010ஆம் ஆண்டில். அதற்கு முன்பும், அச்சகங்களைப் பொறுத்தவரை அதற்குப் பின்பு வெகுகாலம் வரையிலும், பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருவில்தான் நூல்கள் தட்டச்சாயின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். மேலும், பாமினியில் ‘கொ’ என்று அடிக்கும்போது முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அது பதிவாகிறது. யூனிகோடில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அதற்குப் பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. மாற்றித்தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அவை பெரும்பகுதியைச் சரியாகவும் செய்கின்றன. ஆனால் அதே கோப்பில் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் மேற்கோள் குறிகளையும் நூலின் அடையாள எண்ணுக்கு முன்னால் உள்ள ‘ISBN’ என்ற நான்கு எழுத்துகளையும் அவை தமிழென்று எண்ணி மாற்றிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கோப்பே இல்லாமல் பழைய அச்சுப் பிரதி மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவை பழைய வடிவில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள் அந்த இடங்களில் தடுமாறும். மூத்த எழுத்தாளர் ஒருவரின் நான்கு சிறுகதைகளை அப்படி ஏற்றிய வாரத்தில், தளத்தைக் கட்டியதைவிடக் கூடுதலான நேரம் மெய்ப்புப் பார்ப்பதில்தான் எனக்குச் செலவாயிற்று. கொட்டேஷனில் ‘எழுத்தேற்றம்’ என்று ஒரு சொல்லில் முடித்திருந்தேன். அது என் பிழை, நட்டமும் எனக்குத்தான்.

அடுத்து, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி. இதில்தான் என்னைப் போன்ற தனியாட்கள் பலர் தடம் புரள்கிறோம். நிறுவனத்தில் மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு மாதத்தில் 176 மணி நேர வேலை என்று கொண்டு வகுத்து, மணிக்குச் சுமார் 230 ரூபாய் நியாயம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். தனியாளுக்கு அந்த 176 மணி நேரமும் காசாவதில்லை. புதியவர்களிடம் பேசுவது, கொட்டேஷன் எழுதுவது, வராத பணத்துக்கு நினைவூட்டுவது, புதிதாக வந்த ஒன்றைக் கற்றுக்கொள்வது என்று போக, பில் போடக்கூடிய நேரம் நூறு மணியைத் தாண்டுவதே அரிது. வருங்கால வைப்பு நிதி இல்லை, காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வருமானமும் இல்லை. வீட்டுக்கு மாதம் 40,000 ரூபாயும், கணினித் தேய்மானம், இணைய இணைப்பு, மென்பொருள் சந்தா, மின்சாரம் ஆகியவற்றுக்கு 10,000 ரூபாயும் வேண்டும் என்று வைத்து, அதை நூறு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய் வருகிறது. இது என் கணக்கு. சென்னையில் வாடகை கொடுப்பவருக்கு அது கூடும், பெற்றோர் வீட்டில் இருக்கும் இளைஞருக்குக் குறையும். மேலே சொன்ன 55 மணி நேரத்தை இதால் பெருக்கினால் 27,500 ரூபாய்.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்யவேண்டியதில்லை. பதிவு செய்த நிறுவனம் அதே வேலைக்கு 18 சதவீதம் சேர்த்து 32,450 ரூபாய்க்கு பில் கொடுக்கும். இரண்டு விலைகளை ஒப்பிடுபவர்கள் இந்த வேறுபாட்டைப் பல நேரங்களில் கவனிப்பதில்லை.

இனி எழுத்தாளரின் பக்கத்திலிருந்து பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அவருடைய கணக்கும் பொய்யன்று. தமிழ் நூலுக்கு ராயல்டி என்பது வழக்கமாக விலையில் பத்து சதவீதம். 250 ரூபாய் விலையுள்ள நாவல் ஓராண்டில் 500 பிரதிகள் விற்று, பதிப்பாளரும் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தால் கைக்கு வருவது 12,500 ரூபாய். அப்படி இரண்டு நாவல்களுக்கு வரும் ராயல்டியும் என் ஒரு பில்லுக்குப் போதாது. எழுதி மட்டுமே குடும்பம் நடத்துபவர்கள் தமிழில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், ‘கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்’ என்று அவர்கள் தயங்கிக் கேட்பதில் எனக்குக் கோபம் வருவதில்லை. கட்டணத்துக்குப் பதிலாகத் தம் பன்னிரண்டு நூல்களையும் கையெழுத்திட்டுத் தந்தவரும் உண்டு. அவற்றை ஆசையோடு படித்தேன். இணைய இணைப்புக்கான பில்லை மட்டும் அந்த மாதம் கடன் வாங்கிக் கட்டினேன்.

இரு பக்கத்துக்கும் பொருந்துகிற வழியாக எனக்குப் படுவது, மணிக்கான கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறைப்பது. எழுத்தாளரே கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்துக் கொடுத்துவிட்டால் பதினாறு மணி நேரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும், 8,000 ரூபாய் வரை குறையும். தளத்திலேயே நூல் விற்கும் வசதியை வைப்பதற்குப் பதில் பதிப்பகத்தின் விற்பனைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் போதும். பணம் பெறும் வசதி, பார்சல் கட்டும் பொறுப்பு, திரும்பி வரும் பிரதிகள் ஆகியவற்றைத் தலையில் ஏற்றிக்கொண்ட எழுத்தாளர்கள் ஆறு மாதத்தில் அதை எடுத்துவிடச் சொல்வதைக் கண்டிருக்கிறேன். பன்னிரண்டு நூல்களில் இப்போது அச்சில் உள்ள மூன்றுக்கு மட்டும் தனிப்பக்கம் வைத்து, மற்றவற்றைப் பட்டியலாகக் கொடுத்து, அடுத்த ஆண்டு தொடரலாம். எழுத்துருவுக்குச் செலவே வேண்டாம். கூகுளின் நோட்டோ வரிசையில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே நன்றாக அமைந்திருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் தள்ளுபடி தரவேண்டிய ஒருவர் வந்தால் தருகிறேன். ஆனால் பில்லில் முழுத் தொகையை எழுதி, அதன் கீழே தள்ளுபடியைக் கழித்துக் காட்டுகிறேன். இதைச் சிலர் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியன்று. ஒருவருக்கு இரக்கப்பட்டுச் சொன்ன 9,000 ரூபாய், இலக்கியக் கூட்டத்தில் தேநீர் வேளையில் வாய்க்கு வாய் மாறி, அடுத்து வரும் ஐந்து பேருக்கு என் வழக்கமான விலையாகிவிடுகிறது.

முதல் பில்லோடு செலவு முடிந்துவிடுவதாக நினைப்பதும், அப்படி நினைக்கும்படி நாங்கள் விட்டுவிடுவதும் இன்னொரு பெரிய தொல்லை. டொமைன் பெயர் எனப்படும் தள முகவரியையும், தளத்தை வைத்திருக்கும் கணினி இடத்துக்கான வாடகையான ஹோஸ்டிங்கையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விளம்பரத்தில் பார்க்கும் ஹோஸ்டிங் விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டுமே உரியது, புதுப்பிக்கும்போது அது பலமடங்கு ஏறும். வேர்ட்பிரஸையும் அதனோடு சேர்க்கும் துணை மென்பொருள்களான பிளக்இன்களையும் அவ்வப்போது புதுப்பிக்காமல் விட்டால் வெளியாட்கள் உள்ளே நுழைந்துவிடுவார்கள். கவிஞரின் பக்கத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். இதற்கான ஆண்டுப் பராமரிப்பைத் தனித் தொகையாக, இத்தனை மணி நேரம் அடங்கும் என்ற குறிப்போடு, முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும்.

டொமைன் பெயர் எழுத்தாளரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும்தான் பதிவாக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. என்னிடம் வந்த ஒருவரின் டாட் காம் பெயரை, முன்பு தளம் அமைத்த வடிவமைப்பாளர் தம் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது, புதுப்பிக்கும் நாளும் கடந்துவிட்டது. காலாவதியாகி நீக்கப்பட்ட டாட் காம் பெயரை முப்பது நாளுக்குள் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கலாம். ஆனால் மீட்கும் உரிமை பதிவு செய்தவருக்குத்தான் உண்டு. பத்தாண்டுகளாக ஒவ்வொரு நூலின் பின்னட்டையிலும் அச்சிட்டுவந்த முகவரி அவர் கையைவிட்டுப் போயிற்று. 5,000 ரூபாயா 50,000 ரூபாயா என்று கேட்பதற்கு முன்னால், டொமைன் யார் பெயரில் என்று எழுத்தாளர்கள் கேட்கவேண்டும்.

வடிவமைப்பின் உரிமையும் அதுபோலத்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கால அளவைக் குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உலகம் முழுவதும் திறக்கும் ஒரு தளத்துக்கு இந்தியாவுக்குள் மட்டும் உரிமை என்பது வேடிக்கைதான். பதிப்பாளரிடம் ஒப்பந்தம் இல்லை என்று நியாயமாகக் குறைப்படும் எழுத்தாளர்கள் வடிவமைப்பாளரிடம் மட்டும் வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தளத்துக்குப் பதிப்பகமே பணம் தருவதாக ஏற்றுக்கொள்ளும் இடங்களில் காலதாமதம் வழக்கமாகிவிட்டது. ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் தளம் வேண்டும் என்று மார்கழிக் குளிரில் இரவெல்லாம் உட்கார வைப்பவர்கள், பணம் கேட்டால் சித்திரைக்குத் தள்ளுகிறார்கள். அரசின் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொண்ட தனியாளுக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. தவறினால் வட்டியும் உண்டு. வழக்காடும் விருப்பம் எனக்கு இல்லை. பதிவு எண்ணை பில்லின் தலைப்பில் அச்சிட்டதிலிருந்து பணம் சற்று விரைவாக வருகிறது.

சென்ற ஆண்டிலிருந்து ஒவ்வொரு கொட்டேஷனோடும் மணிக்கணக்குப் பட்டியலை இணைத்து அனுப்புகிறேன். மூன்று தொகுப்புகள் வெளியிட்ட கவிஞர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்து, சிவப்பு மையால் சில வரிகளை அடித்துவிட்டு, தட்டச்சைத் தம் மகள் பார்த்துக்கொள்வாள் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். எனக்கு 28 மணி நேர வேலைதான் எஞ்சியது. 14,000 ரூபாயில் பேரம் இல்லாமல் முடிந்தது.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர் ஒருவர்,
மதுரை.