டிஏபி மூட்டையும் தீப்பெட்டியும்

சாத்தூர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் கூடவே மடித்து வைத்திருந்த மண் பரிசோதனை அறிக்கையும் வந்து சேர்ந்தன. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. இங்கே என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, அதனால்தான் வர முடியவில்லை. மற்றபடி சௌக்கியம்.

வருஷம் தவறாமல் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் போட்டும் உளுந்து வெளுத்து நிற்கிறது, மூட்டையில் கலப்படமா என்று கேட்டிருக்கிறாய். அறிக்கையைப் பார்த்தபின் எனக்கு உரக்கடைக்காரர் மேல் சந்தேகம் வரவில்லை. பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து, ஹெக்டேருக்கு 26 கிலோ என்றிருக்கிறது. 22-ஐத் தாண்டினாலே ‘அதிகம்’ என்றுதான் எழுதுவார்கள். ஆக, சரக்குக்குப் பஞ்சமில்லை. அதற்கு மேல் வரியில் இருப்பதைத்தான் நீ கவனிக்கவில்லை: கார அமில நிலை 8.4, அதாவது காரமண்; சுண்ணாம்பும் மிகுதி.

மொராக்கோ மாதிரி நாடுகளில், பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் பாறையை வெட்டியெடுக்கிறார்கள். அப்படியே அரைத்துக் காரமண்ணில் போட்டால் பயிருக்கு ஒன்றும் கிட்டாது, கரையவே கரையாது. 1842-ல் லாஸ் என்ற ஆங்கிலேயர் பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட் செய்வதற்குக் காப்புரிமை வாங்கினார். டிஏபிக்கும் அடிப்படை அந்த வேலைதான். அமிலத்தை வைத்துப் பாறையிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்து, பிறகு அம்மோனியாவோடு சேர்க்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு விடுவித்ததை உன் கரிசல் என்ன செய்கிறது தெரியுமா? சுண்ணாம்பைக் கொண்டு பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் பாறையாக்கப் பார்க்கிறது! போட்ட இடத்திலிருந்து பாஸ்பேட் அதிக தூரம் நகர்வதில்லை. மேலே வீசி எறிந்தால் வேருக்கு எப்படிப் போய்ச் சேரும்? விதைக்குக் கீழே, பக்கவாட்டில் விழ வேண்டும்.

மூட்டையில் 18-46 (தழைச்சத்து, மணிச்சத்து சதவீதம்) என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதே. அந்த 46 ஆக்சைடு கணக்கு, ஆக்சிஜனின் எடையும் சேர்ந்தது. தனிமமாகப் பார்த்தால் 50 கிலோ மூட்டையில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 10 கிலோதான். ஏமாற்று ஒன்றுமில்லை, பழைய வழக்கம்.

இனி வெளுப்புக்கு வருகிறேன். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகிறது என்றாயே, அது பாஸ்பரஸ் குறையின் அடையாளமே அல்ல. அறிக்கையில் ஜிங்க் (துத்தநாகம்) 0.4 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 0.4 பங்கு; அது குறைவு. பாஸ்பரஸ் ஏற ஏறப் பயிருக்கு ஜிங்க் கிடைப்பது குறையும். நீ டிஏபியைக் கூட்டக் கூட்ட வெளுப்பும் கூடியதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். இரும்பும் குறைவாக இருக்கலாம், சுண்ணாம்பு மண்ணில் அது சகஜம். வேளாண் அலுவலரிடம் இலையைக் காட்டு. ஜிங்க் சல்பேட் போடச் சொன்னால் தனியாகப் போடு. டிஏபியோடு கலந்தாயானால் இரண்டும் கெட்டியாகி வீணாகிவிடும்.

அடியுர டிஏபியைப் பாதியாகக் குறைத்துக்கொள். பூக்கும்போது தெளிப்பதை மட்டும் விடாதே. ஏக்கருக்கு 4 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி மாலையில் அடி. 15 நாள் கழித்து இன்னொரு முறை. இலை வழியாகப் போவதைச் சுண்ணாம்பு தடுக்க முடியாது.

பாஸ்பரஸ் என்றால் தீக்குச்சி மருந்துதானே என்று உன் பேரன் கேட்டானாமே. ஆயுளில் பாதியைத் தீப்பெட்டி ஆலையில் கழித்தவனிடமா இந்தக் கேள்வி! குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது என்று சொல். அங்கே இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம் போன்றவை. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பதுதான் சிவப்புப் பாஸ்பரஸ். வெள்ளைப் பாஸ்பரஸ் வேறு ரகம். அதைத் தண்ணீருக்குள் போட்டுத்தான் வைக்க வேண்டும், வெளியே எடுத்தால் தானே பற்றிக்கொள்ளும். அதன் புகையில் வேலை பார்த்தவர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1888-ல் லண்டன் தீப்பெட்டிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த காலத்தில் அந்தக் கொடுமையும் இருந்தது. இந்தியாவில் 1913-லேயே அவ்வகைத் தீக்குச்சிக்குச் சட்டம் தடை போட்டது. சிவகாசிக்காரர்கள் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தது 1923 வாக்கில். நம் பக்கத்துப் பெண்கள் பட்ட பாடு வேறு எவ்வளவோ உண்டு. அந்த ஒன்றிலிருந்தாவது தப்பினார்கள்.

அறிக்கையில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். புரட்டாசி விதைப்புக்கு முன் என்ன முடிவு செய்தாய் என்று எழுது. தங்கச்சியை மிகவும் கேட்டதாகச் சொல். இந்தத் தடவை உளுந்து தேறினால் இரண்டு படி எனக்கு.

உன் பழைய பெஞ்சுக்காரன்